மர மெஷினில் அறுத்த இரும்பு

சத்தியநாதனும் வாஹித் பாஷாவும் பேசிக்கொள்வதில்லை. அதற்காக அவர்களுக்குள் பேச்சே இல்லை என்று சொல்லிவிட முடியாது. சொல்ல வேண்டியதையெல்லாம் ஆட்டிடம் சொல்லிவந்தார்கள்.

ஆடு முனவ்வர் பேகத்தினுடையது. ஆம்பூரில் பைபாஸை ஒட்டிய அந்தச் சந்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு கடைகளும் அந்த அம்மாளுடையவைதான். ஒன்றில் சத்தியநாதன் மர வேலை செய்கிறார். கட்டில், அலமாரி, ஜன்னல், எப்போதாவது சர்ச்சுக்கு ஒரு பெஞ்சு. மற்றதில் வாஹித் பாஷா வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். கிரில், கேட், தோல் கம்பெனிகளுக்கு டிராலி. இரண்டு கடைக்கும் எதிரில், வேப்ப மரத்தடியில், அடுத்த பக்ரீத்துக்கென்று போன வருஷமே குட்டியாக வாங்கிய கிடாவைக் கட்டிப்போட்டிருந்தார் பேகம். அதற்கு சுல்தான் என்று பெயரும் வைத்திருந்தார்.

"டேய் சுல்தான், சில பேருக்கு எத்தன வாட்டி சொன்னாலும் ஏறாது. பொறி இந்தப் பக்கம் பறக்குது, பாத்துக்க" என்பார் சத்தியநாதன், பட்டறைக்குக் கேட்கும்படியாக.

"சுல்தான், நம்ம மிஷின்ல வர்ற பொறி கம்மிடா. சில பேரு வாய்ல வர்றதுதான் ஜாஸ்தி" என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும்.

ஆடு இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தழையைத் தின்னும். சந்தில் இருப்பவர்களுக்கு இது நல்ல பொழுதுபோக்கு. எதிரே டீக்கடை வைத்திருக்கும் சின்னசாமி, இதைக் கேட்பதற்காகவே சில பேர் இரண்டாவது டீ குடிக்கிறார்கள் என்று சொல்வதுண்டு.

போன வருஷம் வரைக்கும் இருவரும் நன்றாகத்தான் இருந்தார்கள். ஒருநாள் வாஹித் வாசலில் வைத்து கேட் ஒன்றை கிரைண்டரால் தேய்க்கும்போது பொறி பறந்து வந்து, சத்தியநாதன் பாலீஷ் போட்டுக் காயவைத்திருந்த தேக்குக் கதவில் விழுந்தது. விழுந்த இடத்தில் மிளகு அளவுக்குக் கறுப்பு. வாஹித் உடனே ஓடிவந்து மன்னிப்புக் கேட்டார். சத்தியநாதனுக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். நேராக முனவ்வர் பேகத்தின் வீட்டுக்குப் போய், மரத்தூள் நிறைந்த கடைக்குப் பக்கத்தில் நெருப்பை வைத்துக்கொண்டு எப்படித் தொழில் செய்வது என்று சத்தம் போட்டுவிட்டு வந்தார். அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. மரத்தூளில் ஒரு பொறி விழுந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா? சொன்ன விதம்தான் ஊரைக் கூட்டும் விதம்.

பேகம் வந்து பார்த்தார். இரண்டு கடைக்கும் நடுவில் பாதிதான் சுவர் இருந்தது. மீதியைத் தகரம் அடித்து மூடச் சொன்னார். வாசலில் கிரைண்டர் ஓட்டக் கூடாது என்றார். "இன்னொரு வாட்டி பொறி, தீன்னு என் காதுக்குப் பேச்சு வந்துச்சுன்னா பட்டறைய காலி பண்ணிடு வாஹித்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனார். வாஹித் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். அன்றைக்கு நின்றதுதான் பேச்சு. சத்தியநாதன் அதோடு விடாமல், தன் கடை வாசலில் ஒரு பலகையும் மாட்டினார்: 'இங்கே பீடி, தீக்குச்சி, நெருப்புப் பொறி எதுவும் கூடாது.' எழுத்து பட்டறையைப் பார்த்தபடி இருந்தது.

பக்ரீத்துக்கு இன்னும் சில நாட்களே இருந்த ஒரு வெள்ளிக்கிழமை. காலையில் பெர்சிஸ் டீச்சர் இறந்துபோனார். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஊரில் பாதிப் பேருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர். சத்தியநாதனும் அவரிடம்தான் படித்தார். நாலு மணிக்கு அடக்கம் என்று போதகர் சொன்னார். பதினொரு மணிக்கெல்லாம் சர்ச்சிலிருந்து போன் வந்தது.

சர்ச்சில் ஒரு வண்டி உண்டு. பெட்டியை வைத்துக் கல்லறைத் தோட்டம் வரைக்கும் தள்ளிக்கொண்டு போகிற நாலு சக்கர வண்டி. கொட்டகையிலிருந்து அதை இழுத்தபோது, தள்ளுவதற்குப் பிடிக்கிற இரும்புக் குழாய் துருப்பிடித்துக் கையோடு வந்துவிட்டதாம். "சத்தியநாதன், டீச்சரை ஆட்டோல வச்சா எடுத்துட்டுப் போறது? நீங்கதான் பாக்கணும்" என்றார் போதகர். சற்று நேரத்தில் வண்டி அவர் கடை வாசலுக்கு வந்து சேர்ந்தது.

வேலை பெரிதல்ல. குழாயைத் தாங்குகிற இரண்டு மரக் கைகளும் நன்றாகவே இருந்தன. கடையின் மூலையில் பழைய கட்டில் ஒன்றிலிருந்து கழற்றிய இரும்பு பைப் கிடந்தது. அளவெடுத்து அறுத்து, இரண்டு ஓட்டையிலும் செருகி, போல்ட் முடுக்கினால் முடிந்தது. அறுப்பதுதான் பாக்கி. கையால் இரும்பு அறுக்கிற ஆக்ஸா பிளேடு ஒன்றே ஒன்று இருந்தது. அதுவும் மழுங்கல். நாலு இழுப்பு இழுப்பதற்குள் படக்கென்று உடைந்தது.

புது பிளேடு வாங்கப் போனால் கடைத்தெருவில் ஷட்டரெல்லாம் இறங்கிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை, ஜும்மா நேரம். ஹார்ட்வேர் கடை பாய் தொழுகை முடித்து, வீட்டில் சாப்பிட்டு, பிறகுதான் வருவார். அதெல்லாம் ஆம்பூரில் இருப்பவர்களுக்குத் தெரிந்த விஷயம். பொறுத்திருந்தால் கடை திறந்திருக்கும், அடக்கத்துக்கும் நேரம் இருந்திருக்கும். பொறுமை சத்தியநாதனுக்குப் பிறந்தபோதே கொடுத்தனுப்பப்படவில்லை.

பைப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கடை வாசலில் நின்றார். பக்கத்துப் பட்டறை வாசலில் வாஹித் தொழுகைக்குக் கிளம்பக் கால் கழுவிக்கொண்டிருந்தார். உள்ளே இரும்பு அறுக்கிற மெஷின் இருந்தது. கடித்துப் பிடிக்கும் இடுக்கியோடு, இரும்புக்கென்றே செய்த சக்கரத்தோடு. இந்தப் பைப்பை வைத்தால் ஒரு நிமிஷ வேலை. வாயைத் திறந்து 'பாய்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

சத்தியநாதன் ஆட்டைப் பார்த்தார். ஆடு அவரைப் பார்த்தது. ஆட்டிடமாவது சொல்லியிருக்கலாம். 'போன வருஷம் ஊரைக் கூட்டினவன் இப்போ உதவின்னு வந்து நிக்கறான் பாரு' என்று தன் தலைக்குள்ளேயே ஒரு குரல் கேட்டது. அதை வாஹித்தே சொன்னதுபோல அவருக்கு முகம் சிவந்தது. 'கால் கழுவ இவ்வளவு நேரமா? இவ்வளவு தண்ணியை இறைக்கிறாரே' என்று எரிச்சலோடு நினைத்துக்கொண்டு உள்ளே போனார்.

உள்ளே அவருடைய மெஷின் இருந்தது. பொங்கலுக்குப் பிறகு வாங்கியது. மரம் அறுப்பதற்கானது. கைப்பிடியைப் பிடித்து இறக்கினால் பல் வைத்த வட்ட பிளேடு சுற்றிக்கொண்டே இறங்கும், தேக்கை வெண்ணெயாக வெட்டும். பின்பக்கம் தூளைப் பிடிக்க ஒரு துணிப் பை. அதற்குப் பக்கத்தில் மாதனூர் கோழிப்பண்ணைக்காரர் எடுத்துப் போவதற்காகக் கட்டி வைத்த மரத்தூள் மூட்டைகள்.

'இதே மெஷின்ல அலுமினியம் அறுக்கறாங்க. இந்தச் சன்னப் பைப்பு அறுக்காதா?' என்று அவர் தனக்குத்தானே சமாதானம் சொன்னார். அலுமினியம் மெத்தென்ற உலோகம், அதையும் விவரமானவர்கள் அதற்கென்று தனி பிளேடு மாட்டி, அசையாமல் இறுக்கித்தான் அறுப்பார்கள். இரும்பு கதையே வேறு. மர மெஷின் சுற்றுகிற வேகம் இரும்புக்கு ஆகாது. பிளேடின் முனையில் ஒட்டிய பல் கெட்டியானது, ஆனால் இரும்பில் மோதினால் உதிர்ந்துவிடும், உதிர்ந்த பல் எங்கே போய்த் தைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இதெல்லாம் சத்தியநாதனுக்குத் தெரியும். யாராவது ஒருவன் அப்படிச் செய்வதைப் பார்த்திருந்தால் அவனைக் கடையை விட்டே துரத்தியிருப்பார். தெரிந்தவர் செய்கிற தப்புக்கு மருந்து கிடையாது.

துணிக் கையுறையை மாட்டிக்கொண்டார். சுற்றுகிற பிளேடுக்குப் பக்கத்தில் அதைப் போடக் கூடாது என்பதும் அவருக்குத் தெரிந்ததுதான். பைப்பை இடது கையால் அழுத்திப் பிடித்து மெஷினை இறக்கினார்.

பிளேடு இரும்பைத் தொட்டதும் வந்த சத்தத்தில் அவருக்கே பல் கூசியது. பொறி பீய்ச்சிக்கொண்டு முன்னும் பின்னும் பறந்தது. பைப் கையிலிருந்து திமிறி எகிறியது. காதோரம் ஏதோ விர்ரென்று போனது. பட்டென்று மெஷினைத் தூக்கி அணைத்தார். காதைத் தொட்டுப் பார்த்தால் கையுறையில் ரத்தம். பிளேடில் ஒரு பல் இல்லை. ஒரு விரல் அகலம் இந்தப் பக்கம் வந்திருந்தால் கண் போயிருக்கும்.

அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். 'பாதி அறுத்தாச்சு, மிச்சம் கொஞ்சம்தானே' என்று நினைத்தார். ஊரில் பாதி விபத்து இந்த நினைப்பில்தான் நடக்கிறது. மறுபடியும் இறக்கினார். இன்னும் இரண்டு பல் போனது. பைப் அறுந்தது. அறுந்த முனை நீலம் பாரித்து, பிசிறு பிசிறாக, தொட்டால் கிழிக்கிற மாதிரி இருந்தது. அரத்தால் இரண்டு தேய்ப்புத் தேய்த்து, மேலே கறுப்பு டேப்பைச் சுற்றினார்.

பிறகு பொறுப்பான மனிதராகத் தரையெல்லாம் பார்த்தார். பொறி விழுந்த இடத்தில் ஒரு சொம்புத் தண்ணீரைத் தெளித்தார். முன்பக்கம் முழுக்கத் தெளித்தார். மெஷினுக்குப் பின்னால் இருந்த பை அவர் நினைவுக்கு வரவில்லை. அந்த வாரம் முழுக்க அறுத்த மரத்தின் தூள் அதில் இருந்தது. அதற்குள் சில இரும்புப் பொறிகள் போய், வெளியே தெரியாமல் கனிய ஆரம்பித்திருந்தன.

குழாயை மாட்டி, வீட்டுக்குப் போய் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, ஷட்டரை இறக்கிப் பூட்டி, வண்டியைச் சர்ச்சுக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

டீச்சருக்கு நல்ல கூட்டம். சத்தியநாதனும் மூன்று பேரும் வண்டியைத் தள்ளினார்கள். பாதி வழியில் டேப் நழுவி, பைப்பின் பிசிறு அவர் உள்ளங்கையில் ஏறியது. வலித்தது. கையை எடுக்கவில்லை. டீச்சர் அடித்த அடியைவிட இது ஒன்றும் பெரிதில்லை என்று நினைத்துக்கொண்டார். நினைத்ததும் கண் கலங்கிவிட்டது. மண் போட்டுவிட்டு வெளியே வந்து போனை எடுத்தால் சின்னசாமியின் அழைப்புகள் வரிசையாகக் கிடந்தன. திருப்பிக் கூப்பிட்டார்.

"மேஸ்திரி, எங்க இருக்கீங்க? உங்க கடை எரிஞ்சுபோச்சு, சீக்கிரம் வாங்க!"

சந்தில் கூட்டம் நின்றது. ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. பூட்டு இரண்டு துண்டாகத் தரையில் கிடந்தது. உள்ளேயிருந்து கறுப்புத் தண்ணீர் வழிந்து வாசலுக்கு வந்திருந்தது. வேப்ப மரத்தடியில் வாஹித் உட்கார்ந்திருந்தார். வெளுத்த சட்டை முழுக்கக் கரி. வலது கையில் ஈரத் துண்டு சுற்றியிருந்தது. பக்கத்தில் அவருடைய கிரைண்டர்.

"நான் கண்ணால பாத்தேன் மேஸ்திரி" என்று சின்னசாமி எல்லாருக்கும் முன்னால் வந்து சொன்னார். "உங்க ஷட்டருகிட்ட நின்னு கிரைண்டர் ஓட்டிக்கினு இருந்தாரு. பொறி அப்டியே உள்ள போவுது. கொஞ்ச நேரத்துல பாத்தா ஒரே பொகை."

"பொகை வந்துச்சு, அதனாலதான் பூட்ட அறுத்தேன்" என்றார் வாஹித். ஏற்கெனவே பல தடவை சொல்லிச் சலித்துப்போன குரல்.

சத்தியநாதனுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வருஷத்துக் கோபம் ஒரே மூச்சில் வெளியே வந்தது. "சொன்னேனா இல்லையா? தலதலயா அடிச்சுக்கினேனே, ஒருத்தராவது கேட்டீங்களா?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். கத்திக்கொண்டே குனிந்து உள்ளே போனார்.

உள்ளே போனதும் குரல் அடங்கிவிட்டது.

ஷட்டரை ஒட்டி வைத்திருந்த பலகைகளில் ஒரு கரும்புள்ளிகூட இல்லை. எரிந்தது உள் மூலை மட்டும்தான். மெஷினுக்குப் பின்னால் துணிப் பை இருந்த இடத்தில் அதன் கம்பி வளையம் மட்டும் தொங்கியது. பிளாஸ்டிக் மூடி உருகி வழிந்திருந்தது. அங்கிருந்து கீழே இறங்கி மூட்டைகளைத் தின்று, சுவரில் ஏறி, கூரைக்குப் போவதற்குள் அணைந்திருந்தது. இல்லை, அணைக்கப்பட்டிருந்தது. கூரையின் மரச் சட்டத்தைத் தொட்டிருந்தால் இரண்டு கடையும் மிஞ்சியிருக்காது. சத்தியநாதன் அந்த வளையத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

வெளியே வந்தபோது முனவ்வர் பேகம் குடையோடு வந்து நின்றிருந்தார். வயது எழுபதுக்கு மேல். அவர் பேசினால் சந்தில் மற்றவர்கள் பேச மாட்டார்கள்.

"இன்னா சத்தியநாதன், நஷ்டம் ஜாஸ்தியா?"

"பெருசா இல்லம்மா."

"எங்கேர்ந்து புடிச்சுது?"

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். வாஹித்தும் பார்த்தார். அவர் பார்வை சத்தியநாதனின் காதில் போய் நின்று, பிறகு கீழே இறங்கியது. 'மேஸ்திரி அன்னிக்கே சொன்னாரு' என்று யாரோ பின்னால் மெச்சிக்கொண்டது கேட்டது. வாசலில் அவர் மாட்டிய பலகை தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே நின்றுகொண்டு, தீயை நான்தான் வைத்தேன் என்று எப்படிச் சொல்வது?

"தெரியலம்மா" என்றார் சத்தியநாதன்.

பேகம் வாஹித்தின் பக்கம் திரும்பினார். "போன வருஷமே சொல்லிட்டேன். இனிமே என்னால பேஜார் பட முடியாது. காலி பண்ணிடுப்பா."

"சரி ஆபா" என்றார் வாஹித். அக்கா என்பதைத்தான் அவர் அப்படிச் சொல்வார். ஈரத் துண்டை இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டு எழுந்து போனார்.

சத்தியநாதனின் மனைவி ஜெபகனி ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறார். கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள்ளேயே அவருக்குச் செய்தி வந்திருந்தது. வீட்டுக்கு வந்ததும் முதலில் புருஷனின் காதைப் பார்த்தார், பிறகு உள்ளங்கையைப் பார்த்தார்.

"இதெல்லாம் இன்னா?"

"ஆணி கீறிச்சு."

"காதுலயுமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மஞ்சள் குழைத்துக்கொண்டு வந்தார். "பாய்க்குக் கை எப்டி இருக்குது?"

"எனக்கெப்டித் தெரியும்?"

"கேக்கலையா நீங்க? உள்ள பூந்து அணைச்சவரு கைய எப்டி இருக்குதுன்னு ஒரு வார்த்த கேக்கலையா?"

சத்தியநாதன் தட்டில் கை வைத்தார். உள்ளங்கை எரிந்தது. தன் கடைசிக் காலத்தில் டீச்சர் அவரைப் பார்க்கும்போதெல்லாம் 'சத்தியம்' என்று பாதிப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். அது வேறு நினைவுக்கு வந்து தொலைத்தது. தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

காலையில் அவர் கடைக்கு வந்தபோது பட்டறை வாசலில் ஒரு மினி லாரி நின்றது. வாஹித் ஒற்றைக் கையால் கம்பிகளை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு வைத்திருந்தார். பெயர்ப் பலகையைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். முனவ்வர் பேகம் ஆட்டுக்குத் தழை போட வந்தவர், இதைப் பார்க்கப் பிடிக்காதவராக மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பன்னிரண்டு வருஷமாக வாடகைக்கு இருக்கிறவர் போகிறார் என்றால் அவருக்கு மட்டும் மனசு இருக்காதா?

சத்தியநாதன் நடுச்சந்தில் நின்றார். பாய் என்று கூப்பிட வாயெடுத்தார். வரவில்லை. ஒரு வருஷமாகப் பழகிய பழக்கம் காலை இழுத்தது. நேராகப் போய் ஆட்டின் முன்னால் நின்றார்.

"சுல்தான்" என்றார். "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

பேகம் திரும்பினார். டீக்கடையில் பேச்சு நின்றது. வாஹித் கையிலிருந்த கம்பியோடு நின்றார்.

"நேத்து ஜும்மா நேரத்துல நான் மரம் அறுக்குற மிஷின்ல இரும்பு பைப்ப அறுத்தேன். அறுக்கக் கூடாதுன்னு தெரியும். தெரிஞ்சுதான் அறுத்தேன். பிளேடு பல்லு தெறிச்சு என் காதக் கிழிச்சுது, அப்பவும் நான் நிறுத்தல. பொறி தூள் பையில போயிருக்குது. நான் முன்னால மட்டும் தண்ணி தெளிச்சுட்டு, பூட்டிக்கினு போய்ட்டேன். தீ வச்சது நான்தான். பாய் பூட்ட அறுக்கலன்னா ரெண்டு கடையும் போயிருக்கும். நேத்தே எனக்குத் தெரியும். கேட்டப்போ தெரியலன்னு சொன்னேன். அது பொய்."

ஆடு வாயிலிருந்த தழையை மெல்வதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தது. அதன் முகத்தைப் பார்க்கச் சத்தியநாதனுக்கே வெட்கமாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு வாஹித் கம்பியைக் கீழே வைத்தார்.

"எனக்கும் தெரியும், சுல்தான்" என்றார் மெதுவாக. "நடுவுல இருக்கறது தகரம்தான? மர பிளேடு இரும்புல ஏறுனா எப்டிக் கத்தும்னு எனக்குத் தெரியாதா? நான் தொழுகைக்குக் கிளம்பி நிக்கறேன். ஒரு கொரல் குடுத்திருந்தா போதும். குடுக்கல. பட்டாதான் புரியும்னு போய்ட்டேன். பள்ளிவாசல்ல நிக்கறப்பவும் அந்தச் சத்தம்தான் காதுல இருந்துச்சு."

"தெரிஞ்சுமா நேத்து வாய மூடிக்கினு இருந்த?" என்றார் பேகம்.

"நான் சொன்னா யாரு நம்புவா ஆபா? கிரைண்டர் என் கையில இருந்துச்சு."

இப்போது சத்தியநாதன் ஆட்டை விட்டுத் திரும்பினார். "பாய்" என்றார். ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்த வார்த்தை வெளியே வந்தது. "டீச்சர் வண்டிக்குத்தான் பாய். அதுக்குத்தான் அறுத்தேன்."

"தெரியும் மேஸ்திரி. வாசல்லதான வண்டி நின்னுச்சு. நீங்க பைப்ப எடுத்துக்கினு வெளிய வந்தப்போ, இப்போ கேப்பீங்க, இப்போ கேப்பீங்கன்னு நின்னேன். கழுவின காலையே திரும்பத் திரும்பக் கழுவிக்கினு இருந்தேன்." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "உருது பேசற பையன், தமிழ்ல ஒரு எழுத்து தெரியாதுன்னு என்னை எல்லாரும் பின் பெஞ்சுல தள்ளினாங்க. டீச்சர்தான் பக்கத்துல ஒக்கார வச்சு என் பேர எழுத வச்சாங்க. நேத்து அடக்கத்துக்கு வரத்தான் சட்ட மாத்திக்கினு கடையச் சாத்தினேன். அப்பதான் பொகை வாட வந்துச்சு."

கரி படிந்த அந்த வெளுத்த சட்டையைச் சத்தியநாதன் நேற்றே பார்த்திருந்தார். அது எதற்குப் போட்டது என்று யோசிக்கவில்லை. தன் கடைக்காக ஒருவர் டீச்சரின் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார். அதற்கு என்ன சொன்னாலும் ஈடாகாது. சாய்த்து வைத்திருந்த பெயர்ப் பலகையை எடுத்தார். 'வாஹித் பாஷா வெல்டிங்' என்று தமிழில் எழுதியிருந்தது. அதை அதன் பழைய ஆணியில் மாட்டினார். நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தார்.

பேகம் குடையைத் தரையில் தட்டினார். "லாரிக்காரரே, எறக்குப்பா எல்லாத்தையும். இன்னா பாக்கற?" இருவரையும் ஒரு முறை முறைத்தார். "ஆம்பளைங்க ரெண்டு பேரும் சேந்துக்கினு ஒரு வருஷமா என் ஆட்டப் பைத்தியம் புடிக்க வச்சுட்டீங்க. பக்ரீத் வந்தா அது போயிடும். அப்புறம் யாருகிட்ட பேசுவீங்க, இந்த மரத்துகிட்டயா?"

சின்னசாமி யாரும் கேட்காமலேயே இரண்டு டீ கொண்டுவந்து வைத்தார். வாஹித்தின் முகத்தைப் பார்க்காமல் வைத்துவிட்டு, "சர்க்கர ஜாஸ்தி போட்டிருக்கேன் பாய்" என்று முணுமுணுத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் இருவரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். வாஹித் புது மண்ணின் முன்னால் வெகுநேரம் நின்றார். திரும்பும்போது சர்ச் கொட்டகையில் நிறுத்தியிருந்த வண்டியைப் பார்த்துவிட்டு, பைப்பின் முனையை இடது கை விரலால் தடவினார். "யாரு கையையாவது கிழிக்கும், மேஸ்திரி. அரம் எடுத்துக்கினு வாங்க" என்றார். சத்தியநாதன் தேய்க்க, வாஹித் பக்கத்தில் நின்று, இன்னும், இன்னும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வழியில் ஹார்ட்வேர் கடை திறந்திருந்தது. சத்தியநாதன் ஆக்ஸா பிளேடு வாங்கினார். ஷட்டருக்கு ஒரு புதுப் பூட்டும் வாங்கினார். சந்துக்கு வந்ததும், தன் வாசலில் இருந்த பலகையைக் கழற்றி, எரிந்த மெஷின் இருந்த மூலையில், தான் வேலை செய்யும்போது கண்ணில் படுகிற மாதிரி மாட்டினார். பிறகு வெளியே வந்து புதுப் பூட்டின் சாவிகளில் ஒன்றைப் பிரித்து வாஹித்திடம் நீட்டினார்.

"உங்ககிட்ட இருக்கட்டும் பாய். இனிமே பூட்ட அறுக்க வேணாம்."

கட்டுப் போட்ட கையால் வாஹித்தால் அதை வளையத்தில் கோக்க முடியவில்லை. சத்தியநாதன் அவருடைய சாவிக்கொத்தை வாங்கி, பட்டறைச் சாவிக்குப் பக்கத்தில் தன் கடைச் சாவியைக் கோத்துக் கொடுத்தார். ஷட்டரை இறக்கிப் பூட்டினார்.

"எங்க, தொறந்து பாருங்க" என்றார்.

வாஹித் இடது கையால் சாவியைப் போட்டுத் திருப்பினார். பூட்டு திறந்துகொண்டது.